இடது பக்கக் கீல்

லேப்டாப்பின் இடது பக்கக் கீல் உடைந்தது என்னால்தான். யாரும் கீழே போடவில்லை, மேலே உட்காரவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாகக் காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து வந்து ஒரு தடவை என்று தினமும் அதைத் திறந்து மூடினேன். அதுவும் ஒரே கையால், இடது மூலையைப் பிடித்து. லாரிக் கதவை நாங்கள் அப்படித்தான் திறப்போம். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷமாக வெல்டராக இருக்கிறேன். ஒரு பக்கமாகவே இழுத்தால் கீல் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் தினமும் அந்த மூலையைத்தான் பிடித்தேன். மனசு வேறெங்கோ இருந்தது.

அது முதலில் என் மகளுக்காக வாங்கியது. அவள் கல்லூரி முடித்து, சென்னையில் வேலை கிடைத்து, ஆபீஸிலேயே வேறொன்று கொடுத்ததும் இதை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். என் மனைவி பன்னிரண்டாவது வரை படித்தவள். திருவானைக்காவலில் அவள் பிறந்த வீட்டுக்கு எதிரிலேயே டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் இடம் இருந்ததால், தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் பாஸ் பண்ணி வைத்திருந்தாள். நான் ஐந்தாவதோடு நின்றவன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய சந்தில், எங்கள் வீட்டு ஜன்னலோரம் ஒரு மடக்கு மேஜை போட்டுக்கொண்டு அவள் ஊருக்கெல்லாம் டைப் அடித்துக்கொடுத்தாள். கல்யாணப் பத்திரிகை, பெண் பார்க்கிறவர்கள் கேட்கும் விவரக் குறிப்பு, பென்ஷன் வராதவர்களின் விண்ணப்பம். பக்கத்து வீட்டு அக்கா தன் மருமகளைப் பற்றி மகனுக்கு ஒரு கடிதம்கூட அடித்து வாங்கிக்கொண்டு போனார். அதில் பாதியை இவள் மாற்றி எழுதினாள் என்பது அந்த அக்காவுக்குக் கடைசி வரை தெரியாது.

எனக்கு வெளியாட்களிடம் பேச வராது. ரேஷன் கடையில் என் முறை வரும்போது பின்னால் நிற்பவரை முன்னே விடுவேன். பஸ்ஸில் சில்லறை பாக்கி இருந்தால் கேட்காமல் இறங்கிவிடுவேன். இது அவளுக்கு ஓயாத சிரிப்பு.

"பேசாம அந்த வெல்டிங் மாஸ்க்கப் போட்டுக்கிட்டுப் போங்களேன். யாருக்கும் மூஞ்சி தெரியாது. உள்ளேர்ந்து என்ன வேணா பேசலாம்" என்பாள்.

"போ, நீ வேற."

"நெசமாத்தான் சொல்றேன். பொண்ணு பாக்க வந்தன்னைக்கே போட்டுக்கிட்டு வந்திருக்கலாம். ஒரு வார்த்தையாவது பேசியிருப்பீங்க."

எங்கள் சந்தில் மூன்றாவது வீட்டுக்கு முன்னால் சாக்கடையை மூடியிருந்த கல்லை ஒரு தண்ணீர் லாரி ஏறி உடைத்துவிட்டது. வார்டு ஆபீஸில் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அவள் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஒரு நாள் காலையில் நான் வண்டியை எடுக்கும்போது வாசலில் வந்து நின்றாள்.

"இங்க பாருங்க, நான் ஒரு மனு அடிச்சு வச்சிடறேன். நாளைக்குக் காலையில கொண்டு போய்க் குடுத்துட்டு வேலைக்குப் போங்க. நீங்க பேசவே வேணாம். நீட்டுனாப் போதும்."

நான் "ம்" என்றேன். அவளிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.

பதினொரு மணி சுமாருக்குப் பக்கத்து வீட்டு அக்கா பட்டறைக்கு போன் பண்ணினார். டைப் அடித்துக்கொண்டிருந்தவள் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருக்கிறாள். அடுக்களை வாசலில் சொம்போடு விழுந்துவிட்டாள். நான் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சு என்றார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குப் போன மறுநாள்தான் அந்த மேஜையைப் பார்த்தேன். பாய் விரிப்பதற்காக யாரோ லேப்டாப்பை மூடிச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். சார்ஜர் வயர் மட்டும் செருகினபடியே இருந்தது. எடுத்து பீரோவில் வைக்கலாம் என்று தூக்கினேன். மூடி கொஞ்சம் திறந்துகொண்டு வெளிச்சம் வந்தது.

அந்த மனு அப்படியே இருந்தது. வெள்ளையில் கறுப்பு எழுத்து. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அன்று ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தேன்.

"ஐயா, வணக்கம். எங்கள் சந்தில் மூன்றாவது வீட்டின் முன் உள்ள சாக்கடை மூடும் கல் தண்ணீர் லாரி ஏறி உடைந்துவிட்டது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் கோயிலுக்குச் செல்லும் வயதானவர்களும் இந்த வழியாகத்தான் நடக்கிறார்கள். சென்ற வாரம் பால்காரரின் சைக்கிள் உள்ளே இறங்கிவிட்டது. தெருவிளக்கின் வெளிச்சமும் இங்கே விழுவதில்லை. ஆகவே ஐயா அவர்கள் தய"

அவ்வளவுதான். 'தய'வோடு நின்றிருந்தது. தயவுசெய்து என்று அடிக்க வந்திருப்பாள். தாகம் எடுத்திருக்கிறது. 'ய'வுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு நின்று மின்னிக்கொண்டிருந்தது. வரும், மறையும், வரும், மறையும். அடுத்த எழுத்து எங்கே விழ வேண்டும் என்று காட்டும் கோடு அது. அவள் அடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதனால் தெரியும். எழுந்து போனவள் இதோ வந்துவிடுவாள் என்று அது மட்டும் நம்பிக்கொண்டிருந்தது போல எனக்குப் பட்டது.

அன்றிலிருந்து தினமும் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். வேறொன்றும் செய்ய மாட்டேன். திறப்பேன், படிப்பேன், அந்தக் கோடு பத்து இருபது தடவை மின்னுவதைப் பார்ப்பேன், மூடுவேன். மூடினால் தூங்கும், திறந்தால் முழித்துக்கொள்ளும். சார்ஜரைப் பிடுங்கவே இல்லை. அவளுடைய போனிலிருந்துதான் இதற்கு நெட் வரும். அந்த நம்பரை மகள் நிறுத்திவிட்டதால் இதைத் தொந்தரவு பண்ண வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை.

ஒரு தடவை துடைக்கும்போது விரல் பட்டு 'தய'வுக்குப் பின்னால் ஒரு புள்ளி விழுந்துவிட்டது. துணியைக் கீழே போட்டுவிட்டேன். மேலே மூலையில், இடது பக்கம் பார்த்த அம்பு போட்ட பட்டனை அழுத்தினால் அழியும் என்பது அவள் செய்து நான் பார்த்த ஞாபகம். ஆனால் கூட ஒரு தடவை அழுந்திவிட்டால் 'ய'வும் போய்விடும். அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெல்டிங் ராடை இரும்பில் முதல் தடவை வைப்பது போல, ஒரு தட்டு தட்டினேன். புள்ளி மட்டும் போயிற்று. அதன் பிறகு எழுத்துப் பக்கம் துணியைக் கொண்டு போகவே இல்லை. தூசி படிந்தால் படியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் போய் இரண்டு மாதம் இருக்கும். வேலை விட்டு வரும்போது பார்த்தால் சாக்கடைக்குப் புதுக் கல் போட்டிருந்தார்கள். யாரும் மனு கொடுக்கவில்லை. அவர்களாகவே வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சிமென்ட் ஈரம் காயவில்லை, சுற்றிலும் செங்கல் வைத்திருந்தது. வீட்டுக்குள் வந்து லேப்டாப்பைத் திறந்தேன். கல் உடைந்துவிட்டது என்றுதான் அது அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் மகளிடம் நான் சொல்லவில்லை. எங்களுக்குள் பேச்சு எப்போதுமே குறைவு. அவள் போன் பண்ணினால் அம்மாவிடம்தான் பேசுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது என்னிடம் பேசுகிறாள். "சாப்பிட்டீங்களாப்பா?" "சாப்பிட்டேம்மா." "மாத்திரை?" "போட்டாச்சு." "சரிப்பா, வச்சிடறேன்." இவ்வளவுதான். நடுவில் இரண்டு தடவை வந்தாள். முதல் தடவை, "அந்த லேப்டாப்ப நான் எடுத்துட்டுப் போகவாப்பா?" என்று கேட்டாள். "இருக்கட்டும்மா" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐம்பது வயது தாண்டிய ஆள் தினமும் ஒரு சாக்கடை மனுவைத் திறந்து பார்க்கிறான் என்று பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது?

கீல் முதலில் முனகத்தான் செய்தது. பிறகு ஒரு நாள் காலையில் திறந்தபோது சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம். இடது பக்கம் பிளாஸ்டிக் வாய் பிளந்துகொண்டது. திரை நிற்காமல் பின்னால் சாய்ந்தது. ஒரு டப்பாவை முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். பிளந்த இடத்தில் எட்டிப் பார்த்தால், கீலை ஒட்டியே மெல்லிய கறுப்பு வயர் ஒன்று மேலே திரைக்குப் போகிறது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கீல் எழும்பி அந்த வயரை நெரித்தது. அது அறுந்தால் திரை வராது. திறக்காமலே வைத்திருக்கலாம். நான்கு நாள் அப்படி வைத்திருந்தும் பார்த்தேன். ஐந்தாம் நாள் திறந்துவிட்டேன்.

தென்னூரில் ஒரு மாடியில் லேப்டாப் ரிப்பேர் கடை இருப்பதாகப் பட்டறையில் ஒருவர் சொன்னார். துண்டில் சுற்றிப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு தடவை கீழேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் தடவை ஏறினேன். கடைக்காரர் என் வயதுக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேல் நெற்றியில் இன்னொரு பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார்.

"சொல்லுங்க, என்ன பிரச்சினை?"

"கீலு."

"கீலா?" என்று நிமிர்ந்து பார்த்தார். "ஓ, ஹிஞ்சு! இத்தனை வருஷத்துல இந்தக் கடைக்கு வந்து கீலுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதாங்க. ஆசாரியா?"

"வெல்டிங்."

"அடேயப்பா! நல்ல வேளை, நீங்களே ராடு வச்சு இழுக்காம இங்க கொண்டு வந்தீங்களே."

அவர் நல்ல மனுஷர்தான். சிரித்துக்கொண்டே வாங்கித் திறந்தார். வெளிச்சம் வந்தது. "என்னங்க, ஆன்லயே தூக்கிட்டு வந்திருக்கீங்க? ஏதோ லெட்டர் தொறந்து கெடக்கு. சேவ் பண்ணிட்டீங்களா? ஆஃப் பண்ணிட்டுத்தான் பிரிக்கணும். பண்ணலைன்னா இது போயிடும்."

சேவ் என்ற சொல்லை நான் கேட்டிருக்கிறேன். அது என்ன, எப்படிச் செய்வது, யார் செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரியாததை யாராவது கேட்டால் நான் எப்போதும் செய்வதையே செய்தேன். தலையை ஆட்டி "ம்ம்" என்றேன்.

அவருடைய விரல் பட்டன் பக்கம் போயிற்று. நான் இரண்டு கையாலும் லேப்டாப்பைப் பிடித்து என் பக்கம் இழுத்துவிட்டேன்.

"இருக்கட்டுங்க. அப்புறமா வரேன்."

"அட, என்னங்க? அரை மணி நேர வேலை. உக்காருங்க."

"அப்புறமா வரேங்க."

படியில் இறங்கும்போது பின்னால் அவர்கள் சிரிப்பது கேட்டது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு ஒன்று மட்டும் தெரிந்துபோயிற்று. இது அணையக்கூடாது. அணைந்தால் அவள் மனு அடித்த அந்தப் பக்கம் திரும்ப வராது.

அதனால் வீட்டிலேயே, அணைக்காமலே, கீலைச் சரி பண்ணிவிடுவது என்று முடிவு செய்தேன். அதே போன்ற ஒரு லேப்டாப்பை யாரோ பிரிப்பதை போனில் ஐந்தாறு தடவை பார்த்தேன். பேசியது புரியவில்லை, கை என்ன செய்கிறது என்பது புரிந்தது. சின்ன ஸ்க்ரூ டிரைவர்கள் வாங்கினேன். இரண்டு ட்யூப்பில் வரும், கலந்து வைத்தால் கல்லாக இறுகும் பசை ஒன்றும் வாங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஜையில் துண்டை விரித்து வேலையை ஆரம்பித்தேன். சார்ஜர் செருகும் இடம் கீலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வயர் இடைஞ்சலாக இருந்ததால் அதைக் கழற்றினேன். சார்ஜ் முழுசாக இருந்தது, மூன்று மணி நேரமாவது தாங்கும். லேப்டாப்பைத் திறந்தபடியே கவிழ்த்து, திரை மேஜையின் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி வைத்தேன். பட்டன் எதுவும் அழுந்தாதபடி ஓரங்களில் மட்டும் துண்டை மடித்துக் கொடுத்தேன். திரை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் அதன் வெளிச்சம் மேஜைக்கு அடியில் சிமென்ட் தரையில் விழுந்தது. திரை சீக்கிரம் அணையாதபடி அவள் வைத்திருந்தாள். தரையில் அந்த வெள்ளை இருக்கிற வரைக்கும் பக்கம் பத்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொரு ஸ்க்ரூ. எது எங்கிருந்து வந்ததோ அதே வரிசையில் ஒரு தட்டில் வைத்தேன். பின்பக்க மூடியை ஏடிஎம் அட்டையின் விளிம்பால் நெம்பினேன். கழன்று வந்தது.

உள்ளே பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கீல் உடையவே இல்லை. இரும்பு நன்றாகத்தான் இருந்தது. கீல் நாளாக நாளாக இறுகிப்போய், அதைப் பிடித்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக்தான் பிய்ந்திருந்தது. ஸ்க்ரூ இறங்கும் மூன்று பித்தளை நட்டும் பிளாஸ்டிக் துண்டோடு பெயர்ந்து ஸ்க்ரூவிலேயே தொங்கின. லாரியில் பழைய பலகையில் புதுக் கீல் போட்டால் இப்படித்தான் ஆகும். இது எனக்குத் தெரிந்த வேலை. பசை வைத்து நட்டை உட்கார வைக்க வேண்டும், கீலைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எங்கள் பட்டறைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டியில் வெல்டிங் வைப்பதற்கு முன்னால் பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் ராடை வைத்தால் வண்டியில் இருக்கிற கரண்ட் சாமான் எல்லாம் கருகிவிடும். கழற்றுகிறவர் "கழட்டியாச்சு!" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் கேட்டால்தான் வெல்டர் மாஸ்க்கை இறக்குவார். முப்பது வருஷத்தில் நான் அந்தக் குரல் கேட்காமல் ஒரு தடவைகூட இரும்பைத் தொட்டதில்லை. ஆள் இல்லையென்றால் நானே கழற்றி நானே குரல் கொடுப்பேன். பேச வராதவன் உரக்கச் சொல்கிற ஒரே வார்த்தை அது.

கீலைத் தொடப் போனேன். பக்கத்தில் தட்டையாகக் கறுப்பாக பேட்டரி. அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக வயர்கள் ஒரு சின்னச் செருகலுக்குப் போயிருந்தன. நான் எதையும் யோசிக்கவில்லை. இரண்டு நகத்தால் பிடித்து அந்தச் செருகலைப் பின்னால் இழுத்தேன்.

"கழட்டியாச்சு" என்றேன்.

ஆளில்லாத வீட்டில் என் குரல் எனக்கே கேட்டது. அப்போதுதான் தரையைப் பார்த்தேன். மேஜைக்கு அடியில் வெறும் தரையாக இருந்தது.

உடனே செருகினேன். அழுத்தமாகச் செருகினேன். ஒன்றும் வரவில்லை. கழற்றி மறுபடி செருகினேன். குனிந்து மேஜைக்கு அடியில் போய்த் திரையைப் பார்த்தேன். கறுப்பாக, அதில் என் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

எவ்வளவு நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வெளியே பால்காரர் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சாக்கடையில் சைக்கிள் இறங்கிய அதே பால்காரர். ஆஸ்பத்திரியில் எனக்கு அழுகை வரவில்லை, சுடுகாட்டிலும் வரவில்லை. அன்றைக்கு வந்தது.

பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு கீல் வேலையை முடித்தேன். வேறென்ன செய்வது? பிளேடால் பிளாஸ்டிக்கைச் சுரண்டி, பசை கலந்து, மூன்று நட்டையும் உட்கார வைத்தேன். கீலின் தண்டில் இருந்த மரையைக் கால் சுற்று தளர்த்தினேன். கையில் நடுக்கமே இல்லை. இனிமேல் அதில் பயப்பட ஒன்றுமில்லை அல்லவா, அதனால் வேலை நன்றாக வந்தது. பசை இறுகும் வரை அதன் மேல் ஒரு இரும்புத் துண்டை வைத்துவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடியைப் போட்டு, சார்ஜரைச் செருகி, பட்டனை அழுத்தினேன். உயிர் வந்தது. என்னென்னவோ சுற்றி, கடைசியில் முக்கொம்பில் நாங்கள் மூன்று பேரும் எடுத்துக்கொண்ட போட்டோ திரை முழுக்க வந்து நின்றது. மதகுக்குப் பக்கத்தில் நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சிரிக்கிறாள். இத்தனை நாளும் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இந்த போட்டோ இருந்திருக்கிறது. பக்கம் இல்லை.

மகளுக்கு போன் பண்ணினேன். நானாக அவளுக்கு போன் பண்ணுவது அபூர்வம்.

"என்னப்பா? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. சேவுன்னா என்னம்மா?"

"என்னது?"

"லேப்டாப்புல சேவுன்னு சொல்றாங்களே. அது பண்ணலைன்னா போனது போனதுதானா?"

"அப்பா, என்ன பண்ணீங்க?"

"கீலு போயிடுச்சு. நானே பிரிச்சுப் போட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். "நீங்களா? சுத்தியல், உளி எல்லாம் வச்சா? அம்மா இருந்திருந்தா வாசல்ல நின்னு பத்துப் பேரக் கூப்பிட்டுக் காட்டியிருப்பாங்க. கீலு நிக்குதா?"

"நிக்குது."

"அப்புறம் என்னப்பா?"

"அம்மா அடிச்சது அதுல இருந்துச்சு. அன்னைக்குக் காலையில அடிச்சது. முடிக்காமப் போயிட்டா. அது தொறந்தேதான் இருந்துச்சு. நான் அணைக்கல. இன்னைக்கு அணைஞ்சிடுச்சு."

அவள் சிரிப்பு நின்றது. "அன்னைலேர்ந்தா? இத்தனை நாளா ஆஃப் பண்ணாமலேவா?"

"ம்."

"நான் ரெண்டு தடவை வந்தேனேப்பா. அந்த ரூம்லதானே படுத்திருந்தேன்."

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா... ரெண்டு பட்டன்பா. ரெண்டு பட்டன அமுக்கினா போதும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னாள். பிறகு எதையெதையோ திறக்கச் சொன்னாள், நான் திறந்தேன். எழுத்துக் கூட்டி வாசித்துச் சொன்னேன். அம்மா டைப் அடிக்கத் திறக்கும் படம் எது என்று கேட்டாள். அதன் கீழே இருந்த பெயரைச் சொன்னதும், "அதுல தானா சேவ் ஆகாது. வராதுப்பா" என்றாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"என்ன எழுதியிருந்தாங்கன்னு ஞாபகம் இருக்காப்பா?"

"மனப்பாடம்."

"இருங்க." ஏதோ இழுக்கும் சத்தம், நாற்காலி நகரும் சத்தம். "இப்பச் சொல்லுங்க."

நான் சொல்ல ஆரம்பித்தேன். ஐயா, வணக்கம். எங்கள் சந்தில். அந்தப் பக்கம் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. நான் நிறுத்திவிட்டேன். அவளுக்கு டைப் அடிக்கச் சொல்லிக்கொடுத்தது அவள் அம்மாதான். அதே வேகம். ஒரு சொல்லை முடித்து இடைவெளி விடும்போது கட்டை விரலால் கொஞ்சம் ஓங்கித் தட்டும் அந்தத் தட்டும் அப்படியே இருந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்பா? இருக்கீங்களா? எங்கள் சந்தில்..."

"மூன்றாவது வீட்டின் முன்."

இப்படியே போயிற்று. பால்காரர் சைக்கிளுக்கு வந்ததும் எனக்கு நாக்கு தடுக்கியது. உள்ளே இறங்கிவிட்டது என்று இருந்ததா, உள்ளே மாட்டிக்கொண்டது என்று இருந்ததா? தினமும் இரண்டு வேளை படித்தது. சத்தியமாகத் தெரியவில்லை.

"ஏதாவது ஒண்ணு போடவாப்பா?"

"இறங்கிவிட்டது. அதையே போடு."

"ஆகவே ஐயா அவர்கள்..." என்று அவளே வாசித்தாள். "அப்புறம்?"

"தய."

"தயவுசெய்தா?"

"இல்லம்மா. தய. அவ்வளவுதான்."

தட்டும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவள் அழுகிறாள் என்பது தெரிந்தது, ஆனால் சத்தம் வராமல் அழுதாள். அதுவும் என்னிடமிருந்து போனதுதான்.

"முடிச்சிடவாப்பா? ரெண்டு வரிதான் இருக்கும். அம்மா எப்படி முடிப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."

"வேணாம்மா."

"சரிப்பா. அப்படியே வச்சுக்கறேன். சேவ் பண்ணிட்டேன்."

அன்றைக்கு நாங்கள் பேசிய அளவு நானும் அவளும் அதற்கு முன் பேசியதில்லை. அவள் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்பினாள். எழுத்து கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. வரிகள் வேறு இடத்தில் மடிந்திருந்தன. 'தய'வுக்குப் பக்கத்தில் அந்தக் கோடு இருந்தது. போட்டோவில் அது மின்னாமல் குத்துக்கல்லாக நின்றது.

மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன். ஒரு பழைய டிப்பர் வந்திருந்தது, பின்கதவுக் கீலை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும். நான் ராடை மாட்டிக்கொண்டு குந்தினேன். முன்னால் வண்டிக்குள் தலையை விட்டிருந்தவர் குரல் கொடுத்தார்.

"கழட்டியாச்சுண்ணே!"

எனக்குக் கை எழவில்லை. கேட்கவில்லையோ என்று அவர் மறுபடியும் சொன்னார். "அண்ணே, கழட்டியாச்சு!"

"ம்" என்றேன். மாஸ்க்கை முகத்தில் இறக்கிக்கொண்டேன். ராடை வைக்கும் வரை அதற்குள் எப்போதும் இருட்டுதான், வெளியே இருப்பவர்களுக்கும் முகம் தெரியாது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, பிறகு கீலில் ராடை வைத்தேன்.